“லீவுக்கு எங்கே போனாய்?” என்று இனிக் கேட்க மாட்டோம்

 

ஆகஸ்ட் விடுமுறை வந்துவிட்டது. பதிவு கொஞ்சம் நீளம். ஒரு பிளேன்ரீயை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் ஆசிரியர்களாகிய எங்கள் பிழையை ஒப்புக்கொள்கிறோம். ஒவ்வொரு தவணையும் பாடசாலை திறந்த முதல் நாளில் நாங்கள் கொடுக்கும் கட்டுரை ஒன்றேதான்: “விடுமுறையில் நான் சென்ற சுற்றுலா.” பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சி, எங்களுக்கு ஒரு பாடவேளை அமைதி.

சில வருடங்களுக்கு முன் தரம் 7 இல் ஒரு பிள்ளை இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். நுவரெலியா, கிரகரி வாவி, படகு, குதிரைச் சவாரி, ஸ்ட்ரோபெரி. எழுத்து அழகாக இருந்தது. வகுப்புக்கே வாசித்துக் காட்டிப் பாராட்டினோம். இடைவேளையில் பக்கத்து மேசைப் பிள்ளை மெதுவாக வந்து சொன்னாள்: “சேர், அவ நுவரெலியாவுக்குப் போகவே இல்ல சேர். லீவு முழுக்கத் தம்பியப் பாத்துக்கிட்டு லயத்துலதான் இருந்தா.”

அந்தப் பிள்ளையை நாங்கள் ஏசவில்லை. அவளைப் பொய் சொல்ல வைத்தது எங்கள் கேள்விதானே!

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. அவளுடைய லயம் இருப்பது தெமோதரைப் பக்கம். ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் ஏறும் சத்தம் அவள் வீட்டு வாசலுக்குக் கேட்கும். அந்தப் பாலத்தைப் படம் எடுக்க ஜெர்மனியிலிருந்தும் சீனாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அதன் கீழே வாழும் பிள்ளைக்கோ, எழுதுவதற்குத் தன்னிடம் ஒன்றுமில்லை என்ற எண்ணம். அதை அவளுக்குள் போட்டது யார்? நாம்தான். பெற்றோர், ஆசிரியர், ஃபோனில் படம் போடும் மாமா மச்சான் எல்லோரும் சேர்ந்துதான்.

பணம் பற்றி நேராகவே பேசுவோம்

விடுமுறை வந்தால் வேன் பிடிக்க வேண்டும் என்று ஒரு பழக்கம் நம்மிடம் வந்துவிட்டது. சீட்டுப் பணம் எடுக்கிறோம், காதுத் தோட்டை அடகு வைக்கிறோம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானி மூலம் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த நாட்சம்பளம் 1350 ரூபா. தூரத்துக்கு ஒரு வேன் வாடகைக்கே ஒரு தாயின் பத்துப் பன்னிரண்டு நாள் பேர் போய்விடும். அந்தப் பிள்ளை வேனில் பாதி வழி வாந்தி, மீதி வழி தூக்கம். திரும்பி வந்து மூன்று மாதம் கடன்.

“ஒரு கிழமை பிள்ளைகளோடு இருங்கள்” என்று புத்தி சொல்லவும் நாம் வரவில்லை. பாடசாலைக்கு லீவு விட்டாலும் மலைக்கு லீவு இல்லை. ஒரு நாள் போகாவிட்டால் ஒரு பேர் இல்லை. டவுனில் கடை வைத்திருக்கும் வாப்பாமாருக்கும் இதே கதைதான், ஷட்டரை இறக்கினால் அன்றைக்கு வியாபாரம் இல்லை. நாங்கள் மட்டும் என்ன? ஊரார் பிள்ளைகளுக்கு விடுமுறை வகுப்பு வைத்துவிட்டு, எங்கள் பிள்ளைகளை ஃபோனோடு வீட்டில் விட்டிருக்கிறோம்.

ஆகவே நாம் கேட்பது ஒரேயொரு நாள். ஒரு ஞாயிறு அல்லது ஒரு போயா. அந்த ஒரு நாள் முழுமையாகப் பிள்ளைக்கு இருக்கட்டும். போகும் இடம் பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரு மணி நேரத்துக்குள் இருக்கட்டும். எங்கள் வீட்டில் இப்படிச் செய்து பார்த்தவற்றைச் சொல்கிறோம்.

1. மூன்றாம் வகுப்பு ரயில்

மலையக ரயில் பாதையின் கடைசி நிலையம் நம்முடைய பதுளை. 1924 இல் இங்கே ரயில் வந்தது. பதுளையில் ஏறினால் ஹாலிஎல, உடுவரை, தெமோதரை, எல்ல. மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஒரு சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும்.

தெமோதரைக்குக் கிட்டப் போகும்போது பிள்ளைகளிடம் ஒரு புதிர் போடுங்கள். “இப்போது சுரங்கத்துக்குள் போகிறோம். அடுத்து வரப்போகிற ஸ்டேஷன் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்?” முன்னால், பின்னால் என்று கையைக் காட்டுவார்கள். விடை, தலைக்கு மேலே! ரயில் நிலையத்துக்கு நேர் கீழே சுரங்கத்தில் நுழைந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றி ஏறி, அதே நிலையத்துக்கு மேலே வந்து நிற்கிறது. செங்குத்தாக ரயில் ஏற முடியாது என்பதால் பாதையை வளைத்துச் சரிவைக் குறைத்திருக்கிறார்கள். விஞ்ஞானப் பாடத்தில் சாய்தளத்தை நாங்கள் இரண்டு நாள் விளக்குகிறோம். இங்கே சில நிமிடத்தில் புரிந்துவிடும்.

எல்லயில் இறங்கி ரோட்டு வழியாக நடந்தால் ஒன்பது வளைவுப் பாலம். 1921 இல் கட்டி முடித்தது. ஏறக்குறைய 91 மீற்றர் நீளம், 24 மீற்றர் உயரம், உருக்குக் கம்பி இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு எழுப்பியது. ஒரேயொரு வேண்டுகோள்: தண்டவாளத்தில் நின்று செல்ஃபி வேண்டாம், ரயில் வாசலில் தொங்கவும் வேண்டாம்.

2. துன்ஹிந்த

பதுளையிலிருந்து மஹியங்கனை ரோட்டில் கொஞ்ச தூரம் பஸ். அதன்பின் ஒன்றரைக் கிலோமீற்றர் அளவு காட்டு வழி நடை. 64 மீற்றர் உயரத்திலிருந்து தண்ணீர் விழுந்து புகைபோல எழும். பெயரே அந்தப் புகையிலிருந்து வந்ததுதான்.

அங்கே நின்று பிள்ளைகளிடம் ஒன்று சொல்லுங்கள். இது நம் டவுனை ஒட்டி ஓடும் அதே பதுளு ஓயா. நாம் ஆற்றில் வீசும் பையும் போத்தலும் இங்கேதான் வந்து விழுகின்றன. எங்கள் மகன் அன்று பாறையில் சிக்கியிருந்த பிஸ்கட் பேப்பர் ஒன்றைப் பார்த்துவிட்டு, “வாப்பா, இது நம்மட தெருவுல இருந்து வந்திருக்குமா?” என்று கேட்டான். சுற்றாடல் தினத்துக்குப் பதாகை பிடித்தபோது அவன் கேட்காத கேள்வி அது.

சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போங்கள். நீர்வீழ்ச்சியின் அடியில் யாரும் இறங்க வேண்டாம். பாறை வழுக்கும், பள்ளம் ஆழம்.

3. கச்சான் காற்று

தென்மேல் பருவக்காற்று மழையையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய காற்றாக நம் பக்கம் இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி வாசம் கிடைப்பது இந்தக் காற்றால்தான். இந்த வாசத்துக்கு உலகச் சந்தையில் தனிப் பெயர் உண்டு. நம் பிள்ளைகளுக்கோ அது கதவை அடிக்கும் காற்று மட்டும்.

அந்தக் காற்றில் பட்டம் விடுங்கள். மூங்கில் சீவல், டிசுப் பேப்பர், நூல், கோதுமை மாவில் காய்ச்சிய பசை, இவ்வளவுதான் செலவு. கடையில் வாங்கிக் கொடுக்காமல் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து கட்டுங்கள். முதல் பட்டம் ஏறாது. வாலை நீட்டிப் பாருங்கள்.

வீட்டில் ஒரு தேத்தண்ணிப் பரிசோதனையும் செய்யலாம். தோட்டத்துத் தூள் ஒரு கோப்பை, கடைப் பக்கெட் ஒரு கோப்பை. கண்ணைக் கட்டிக் குடித்துப் பார்த்துப் பிள்ளைகள் சொல்லட்டும். பிறகு அம்மா தான் எடுக்கும் கொழுந்து எப்படி வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, காய வைத்து, சலித்துத் தூளாகிறது என்று சொல்லட்டும். அன்றைக்கு அம்மாதான் டீச்சர்.

தோட்ட நிர்வாகங்களிடமும் ஒரு கோரிக்கை வைக்கிறோம். சுற்றுலாக்காரர் டிக்கெட் எடுத்துத் தேயிலைப் பேக்டரிகளைச் சுற்றிப் பார்க்கிறார்கள், சந்தோஷம். விடுமுறையில் ஒரேயொரு காலை நேரம், அந்தத் தோட்டத்துத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்து விடுங்கள். தன் தாய் பறித்த கொழுந்து எங்கே போகிறது என்று அந்தப் பிள்ளை ஒரு தடவையாவது பார்க்கட்டும். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை, மனம் போதும்.

4. ஒரு வீடு மாறி ஒரு வீடு

எங்கள் பிள்ளைகள் படிப்பது டவுன் முஸ்லிம் பாடசாலையில். நாங்கள் படிப்பிப்பது தோட்டப் பாடசாலையில். நோன்பு மாதத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை, மற்றப் பாடசாலைகளுக்கு வகுப்பு. அதனால் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து வீட்டில் இருக்கும் நாட்கள் குறைவு. கிடைக்கும் நாட்களில் ஒரு டவுன் குடும்பம் ஒரு தோட்டக் குடும்பத்தைப் பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிடட்டும், அடுத்த முறை அவர்கள் கூப்பிடட்டும்.

ஒரு முறை எங்கள் மகன் லயத்துக் கூட்டாளிகளிடம், “எங்கட தாத்தாவுக்கு அடுத்த மாசம் கல்யாணம்” என்று சொல்லிவிட்டான். அந்தப் பிள்ளைகள் வாயைப் பிளந்துவிட்டார்கள். “இந்த வயசுலயா?” எங்கள் வீட்டில் தாத்தா என்றால் மூத்த சகோதரி, அவர்கள் வீட்டில் அம்மாவின் அப்பா. அன்றைக்குப் பின்னேரம் முழுவதும் சிரிப்புத்தான். ரொட்டியும் கட்டச்சம்பலும் தவிர வேறு செலவில்லை. ஒரே ஊரில் இத்தனை வருடம் இருந்தும், ஒருவர் மற்றவர் வீட்டுச் சொல்லைத் தெரியாமல் இருந்திருக்கிறோம் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

இன்னும் இடங்கள் உண்டு. ஹாலிஎலப் பக்கம் போகொடையில் கூரை போட்ட பழைய மரப்பாலம் இருக்கிறது. விகாரை வளாகம் என்பதால் மரியாதையோடு போய் வாருங்கள். பதுளைப் பொது நூலகத்துக்கும் ஒரு காலை நேரம் ஒதுக்குங்கள். மலையில் எங்கேயும் அடுப்பு மூட்ட வேண்டாம். இந்த வரட்சியில் மானாப்புல் ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும், பிறகு முழு மலையும் கருகும்.

“இதெல்லாம் ஒரு ட்ரிப்பா சேர்?”

சிலர் கேட்பீர்கள். பிள்ளைகளும் கேட்பார்கள். எங்கள் வீட்டிலும் முதல் அரை மணி நேரம் முறைப்பாடுதான். “ஃபோனைத் தாங்க”, “கால் வலிக்குது”, “எப்ப வீட்டுக்குப் போறது?” பொறுத்துக்கொள்ளுங்கள். ஃபோனை நீங்களும் சட்டைப் பைக்குள் வையுங்கள், அதுதான் முக்கியம். வசதியுள்ளவர்கள் தூரத்துக்குப் போவதையும் நாம் குறை சொல்லவில்லை. போய் வாருங்கள். கடன் வாங்கிப் போகாதீர்கள் என்பதுதான் எங்கள் வாதம். போகாத பிள்ளை குறைந்த பிள்ளை என்று யாரும் நினைக்கவும் கூடாது.

அந்தத் தரம் 7 பிள்ளைக்கு நாங்கள் பிறகு வேறு தலைப்புக் கொடுத்தோம்: “என் வீட்டு வாசலிலிருந்து தெரிவது.” அரைப் பக்கம்தான் எழுதினாள். பாலத்தில் ரயில் வரும்போது தம்பி ஓடிப்போய்க் கை காட்டுவானாம். வெள்ளைக்காரர் எல்லோரும் திருப்பிக் கை காட்டுவார்களாம். அவர்கள் எல்லோரும் தன்னைத் தெரிந்தவர்கள் என்று தம்பி நினைத்துக்கொண்டிருக்கிறானாம். அந்த அரைப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறோம். நுவரெலியாக் கட்டுரையில் இருந்த ஒரு வரிகூட எங்களுக்கு ஞாபகமில்லை.

ஆசிரியத் தோழர்களே, இந்த முறை பாடசாலை திறந்ததும் அந்தப் பழைய கட்டுரையை விட்டுவிடுவோம். “விடுமுறையில் என் வீட்டுக்குப் பக்கத்தில் நான் முதல் முறையாகக் கண்டது” என்று கொடுப்போம். அந்தத் தலைப்புக்கு எந்தப் பிள்ளையும் வெறும் தாளோடு உட்கார வேண்டியதில்லை, பொய் எழுதவும் வேண்டியதில்லை.

பெற்றோரே, உங்களிடம் ஒரு நாள். பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, அப்புத்தளைப் பக்கம் இருப்பவர்கள், உங்கள் ஊரில் கைச்செலவு குறைவாகப் பிள்ளைகளோடு போகக்கூடிய இடத்தைக் கீழே எழுதுங்கள். பஸ் நேரமும் போட்டால் நல்லது. எல்லாவற்றையும் ஒரு தாளில் தொகுத்துப் பாடசாலைகளுக்குக் கொடுக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.