ஐந்தாம் கட்டத்தில்தானா பரிசோதனை?

தர்மபுரி ஜில்லாத் தொழிலாளி காலும் முகமும் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனால், "முன்பே வரக் கூடாதா?" என்கிறார்கள். எதைக் கண்டு வருவான்? சிறுநீரக நோய் வலிக்காமலே முற்றுகிறதே!

இரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் - இவ்விரண்டும் பார்த்தால் தெரிந்துவிடும். நல்ல சிறுநீரகம் நிமிடத்துக்கு 90 மில்லிலிட்டருக்கு மேல் வடிகட்டும். மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே நின்றால் மூன்றாம் கட்டம்; 30-க்குக் கீழே நான்கு; 15-க்குக் கீழே ஐந்து, டயாலிசிஸ் வாசல். மூன்றிலேயே கண்டால் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அடக்கி, வலி மாத்திரையை விட்டு, நோயைத் தாமதப்படுத்தலாம்.

பழுதுபட்ட சிறுநீரகம் புளோரைடையும் சரிவர வெளியேற்றாது. நம் கிணறுகளின் புளோரைடுக்காக 2013-ல் ஒகேனக்கல் குடிநீர் வந்தது. பரிசோதனை வர வேண்டாமா?

நாம் கேட்கிறோம்: ஆண்டுதோறும், கூலி பிடிக்காமல், மில் வாசலிலும் வயல் வரப்பிலும் பரிசோதனை நடத்து!