தீக்குச்சி யுத்தம்

கொட்டாரம் கடைத்தெருவில் கருப்புக்கட்டி வாங்கப் போகிறவர் கூடவே ஒரு தீப்பெட்டியும் கேட்கிறார். கடைக்காரர் நீட்டும் பெட்டி அநேகமாகச் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துச் சரக்காகவே இருக்கும். இதில் என்ன அதிசயம் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயப்படி அந்தப் பெட்டி பிறந்தே இருக்கக்கூடாது, அதுதான் அதிசயம்!

நம் அடுப்புகளை ஸ்வீடனும் ஜப்பானும் பற்றவைத்த காலம் ஒன்று இருந்தது. 1922-ம் வருஷம் சர்க்கார், குரோஸ் ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய் இறக்குமதி வரி விதித்தார்கள். உலகத் தீப்பெட்டிச் சக்கரவர்த்தியாக விளங்கிய ஐவர் குரூகர் இதற்கா அசைவார்? வரி மதிலைத் தாண்டுவானேன் என்று மதிலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டார். அவருடைய ஸ்வீடிஷ் கம்பெனியின் கிளையாக 1923-ல் விம்கோ தோன்றிற்று. பம்பாயையடுத்த அம்பர்நாத்தில் ஆலை எழும்பியது.

அதே 1922-ல்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் தொழில் கற்கக் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். திரும்பிவந்து இயந்திரம் வைத்துப் பார்த்தார்கள், கட்டுப்படியாகவில்லை. இயந்திரத்துக்கு எதிரே இயந்திரம் வைத்தால், பெரிய பண மூட்டை உள்ளவனே ஜயிப்பான். ஆகவே இயந்திரத்தைக் கைவிட்டுக் கைகளை நம்பினார்கள்.

இங்கேதான் ஊரின் தரித்திரமே அவர்களுக்கு மூலதனமாயிற்று. மழை பொய்க்கும் பூமி; பயிர் காயும், ஆனால் மருந்து தோய்த்த குச்சியும் நன்றாகக் காயும்! விவசாயமின்றி வீட்டிலிருந்தவர்கள் பெட்டி ஒட்டினார்கள், சட்டத்தில் குச்சி அடுக்கினார்கள். மென்மரம் மலையாளக் காடுகளிலிருந்து வந்தது. சிறு முதலோடு ஒருவர் தொடங்க, அவரிடம் கற்றவர் அடுத்த தெருவில் தொடங்கினார். ஓர் எதிரியை வீழ்த்தலாம். ஊர் ஊராக முளைக்கும் நூறு எதிரிகளை எந்தச் சக்கரவர்த்தி வீழ்த்துவது?

சுதந்திரத்துக்குப் பின் கைத்தொழிலுக்குக் கிடைத்த வரிச் சலுகையும் கைகொடுத்தது. அதை மறைத்துப் பெருமை பேசுவது நேர்மையாகாது. அந்தக் கைகளில் குழந்தைகளின் கைகளும் இருந்தன என்பது இன்னும் கசப்பான உண்மை. 1986-ம் வருஷத்துச் சட்டம் அதைத் தடுத்தது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு சிவகாசி வழக்கில் கடுமையாகவே தீர்ப்பளித்தது. மலிவாக விற்ற பெட்டியின் விலையில் ஒரு பங்கைப் பள்ளிக்கூடம் காணாத பிள்ளைகள் கட்டினார்கள்.

குரூகர் 1932-ல் பாரிஸில் துப்பாக்கிக் குண்டுபட்டு இறந்தார்; கடன்மேல் கட்டிய அவர் சாம்ராஜ்யமும் சரிந்தது. விம்கோ நெடுநாள் தாக்குப்பிடித்து, 2005-ல் ஐ.டி.சி. வசமாயிற்று. அந்த ஐ.டி.சி.யே சிறு ஆலைகளிடம் பெட்டி வாங்கித் தன் முத்திரையில் விற்றது!

இப்போதைய எதிரி சீனத்துப் பிளாஸ்டிக் லைட்டர். பதினான்கு வருஷம் ஒரு ரூபாயிலேயே நின்ற தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயாயிற்று. இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை 2023-ல் மத்திய சர்க்கார் தடுத்தார்கள். உடனே உதிரி பாகங்களாக வரத் தொடங்கின. 2024-ல் அதற்கும் தடை வந்தது. குரூகர் மதிலுக்குள் புகுந்த வித்தையை லைட்டர்க்காரர்களும் அறிவார்கள் போலும்.