திறந்த பக்கம் பின்னால் இருக்கட்டும்

வானொலியில் வேலை பார்ப்பவளுக்குக் காது கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும். ஆனாலும் மூன்று வாரமாக என் சைக்கிள் போட்ட சத்தத்தை நான் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தேன். பிரேக் பிடித்தால் முதலில் ‘கீச்’, போகப் போக ‘கர்ர்’. மழை பெய்த நாள்களில் இன்னும் மோசம்.

ஒரு சனிக்கிழமை மாலை. பின்னிருக்கையில் நாலு வயது மகள். பூங்கா இணைப்புப் பாதையில் மேம்பாலச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தேன். கீழே ஒரு முதியவர் நாயோடு நடந்து வந்தார். இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன். வண்டி நின்றது, ஆனால் நான் நினைத்த இடத்தில் இல்லை. அவர்தான் நாயை இழுத்துக்கொண்டு புல்தரைக்கு ஒதுங்கினார். மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

“ஏம்மா உடனே நிக்கல?” என்றாள் மகள். பதில் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். செம்பவாங் கப்பல் பட்டறைக்கு இருபது வருடம் சைக்கிளில் போய் வந்தவர் அவர். இப்போது மூட்டுவலி, விரல் சரியாக மடங்காது. நாற்காலியைத் தாழ்வாரத்தில் போட்டு உட்கார்ந்து சக்கரத்தைப் பார்த்தார்.

“ரப்பர் தேஞ்சு இரும்பு உரசுது. முழுசா எதுக்கு மாத்தப் போற? ரப்பரை மட்டும் கழட்டு.”

ரப்பர் தனியாகக் கழலும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

சக்கர விளிம்பைக் கவ்வும் பிரேக் கட்டையில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ரப்பரும் அதன் திருகாணியும் ஒரே வார்ப்பு. தேய்ந்தால் முழுசாகத்தான் மாற்ற வேண்டும். இன்னொன்றில் உலோகக் கூடு ஒன்று இருக்கும். அதன் காடிக்குள் ரப்பர் செருகியிருக்கும். கூட்டில் சின்னத் திருகாணியோ மெல்லிய ஊசியோ தெரிந்தால் அது இரண்டாவது வகை. அந்தத் திருகாணியை அல்லது ஊசியை எடுத்துவிட்டு, ரப்பரைப் பின்பக்கமாகத் தள்ளினால் வெளியே வந்துவிடும். கூட்டைத் தொடாததால், விளிம்புக்கு ஏற்றபடி வைத்திருந்த கோணமும் மாறாது. நேரமும் மிச்சம், காசும் மிச்சம்.

சொல்வதற்கு சுலபம். என் ரப்பர் அசையவே இல்லை. மழைச் சேறும் விளிம்பிலிருந்து உதிர்ந்த அலுமினியத் தூளும் காடியில் இறுகிப் போயிருந்தன. எண்ணெய் விடப் போனேன். அப்பா கையைப் பிடித்துவிட்டார். பிரேக் பக்கத்தில் எண்ணெய் பட்டால் அப்புறம் பிடிக்கவே பிடிக்காது. சோப்புத் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டு, தட்டை ஸ்குரூடிரைவரால் நுனியைத் தள்ளி, வெளியே வந்த முனையைக் குறட்டால் பிடித்து இழுத்தேன். வந்தது. பழைய ரப்பரில் பள்ளமே இல்லை. வழவழவென்று இருந்தது. பள்ளம் மறைந்தபோதே மாற்றியிருக்க வேண்டும்.

அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல பிள்ளை. சுத்தம் செய்ய வசதியாக இருக்குமென்று, தொடக் கூடாத கூடுகளையும் கழற்றிக் கழுவினேன். புது ரப்பரைச் செருகித் திரும்பப் பூட்டினேன். தாழ்வாரத்தில் வண்டியை முன்னால் தள்ளி முன்பிரேக்கை அழுத்தினேன். ரப்பர் ஒன்று சட்டென்று வழுக்கி வெளியே வந்து, பக்கத்து வீட்டுக் காலணி அலமாரியருகே போய் விழுந்தது.

அப்பா சிரிக்கவில்லை. “திறந்த பக்கம் எந்தப் பக்கம் இருக்குன்னு பாரு” என்றார்.

இடது கூட்டை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருந்தேன். ஊசிகள் இரண்டும் இன்னும் தட்டிலேயே கிடந்தன.

கூட்டின் ஒரு முனை மூடியிருக்கும், ஒரு முனை திறந்திருக்கும். பிரேக் இருக்கும் இடத்தில் சக்கர விளிம்பு முன்னோக்கி ஓடுகிறது. அழுத்தும்போது ரப்பரையும் முன்னால் இழுக்கும். மூடிய முனை முன்னால் இருந்தால் ரப்பர் அதில் முட்டி நிற்கும். திறந்த முனை முன்னால் இருந்தால், அழுத்த அழுத்த ரப்பர் வெளியேறப் பார்க்கும். அவசரத்தில் எவ்வளவு பலமாகப் பிடிக்கிறோமோ, அவ்வளவு வேகமாக அது போய்விடும்.

“பட்டறைக்குப் போற சரிவுல என் கூட்டாளி ஒருத்தருக்கு இப்படித்தான் ஆச்சு. முன்பல்லு ரெண்டு போச்சு” என்றார் அப்பா. அந்தக் கால கம்பி பிரேக் சைக்கிளிலும் இதே கதைதான்.

எல்லாவற்றையும் சரியாக மாட்டி, ஊசியைப் போட்டு, வண்டியை முன்னாலும் பின்னாலும் தள்ளிப் பலமுறை அழுத்திப் பார்த்த பிறகுதான் அப்பா நாற்காலியைவிட்டு எழுந்தார்.

உங்கள் வண்டி டிஸ்க் பிரேக் என்றால் இந்தக் கதை பொருந்தாது. அதில் உராயும் பகுதி உலோகத் தகட்டோடு ஒட்டியே வரும். பிரித்தெடுக்க முயலாதீர்கள், தகட்டோடு மாற்றுங்கள். தகடு வெளியே இருக்கும்போது கைப்பிடியையும் அழுத்தாதீர்கள். எந்த வகையானாலும் கையில் சந்தேகம் இருந்தால் கடைக்காரரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

அடுத்த சனிக்கிழமை அதே சரிவு. இந்த முறை கீழே யாருமில்லை. இருந்தாலும் பாதியிலேயே நிறுத்திப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் நின்றது.

“ஏம்மா நின்னுட்ட?” என்றாள் மகள்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. இந்த வார இறுதியில் உங்கள் வீட்டுச் சைக்கிளையும் ஒரு முறை குனிந்து பாருங்கள். ரப்பரில் பள்ளம் இருக்கிறதா? திறந்த பக்கம் பின்னால் இருக்கிறதா? இரண்டு நிமிட வேலைதான்.