பாட்டியின் முழங்கால்

வீட்டில் பாட்டி ஒருவர் இருந்தால் இந்தக் காட்சி உங்களுக்குப் புதிதல்ல. கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொண்டிருந்தவர் எழுந்திருக்கப் பார்க்கிறார். ஒரு கை தரையில். மறு கை சுவரில். "அப்பாடா!" என்று ஒரு பெருமூச்சு. கூடவே முழங்காலிலிருந்து 'களுக்'கென்று ஒரு சத்தம். மருமகள் பதறிக்கொண்டு ஓடி வருகிறாள். "உங்களுக்கு எதற்கு அத்தை இந்த வேலையெல்லாம்? பேசாமல் நாற்காலியில் உட்காருங்கள். வேண்டியதெல்லாம் நான் கொண்டு வந்து தருகிறேன்" என்கிறாள்.

எவ்வளவு நல்ல மருமகள்! ஆனால் சகோதரிகளே, அந்த நாற்காலிதான் பாட்டியின் மூட்டைப் பட்டினி போடுகிறது என்று சொன்னால் நம்புவீர்களா?

எலும்பு என்றால் உயிரில்லாத கட்டை என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. வளர்ந்த மனிதரின் உடம்பிலுள்ள 206 எலும்புகளும் உயிருள்ளவை. அவற்றுக்குள் ரத்தம் ஓடுகிறது. அதனால்தான் ஒடிந்த கையை மாவுக்கட்டுப் போட்டுச் சில வாரம் அசைக்காமல் வைத்திருந்தால் மறுபடி கூடிவிடுகிறது.

எலும்பும் எலும்பும் சந்திக்கிற இடத்திலோ கதை வேறு. முழங்காலில் தொடை எலும்பும் அதன் கீழுள்ள கால் எலும்பும் சந்திக்கின்றன. முன்னால் காவலுக்கு ஒரு சில்லு. இவை ஒன்றோடொன்று நேராக உரசினால் என்ன ஆகும்? அதற்காகத்தான் எலும்பின் முனைகளில் தேங்காய் வழுக்கை போல வழவழப்பாக ஓர் உறை இருக்கிறது. அதன் பெயர் குருத்தெலும்பு. கனம் சில மில்லிமீட்டர்தான். உங்கள் காது மடலை மடக்கிப் பாருங்கள். அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. தவழ்கிற குழந்தையின் முழங்கால் சில்லுகூட வெறும் குருத்தெலும்புதான். பெரும்பாலும் மூன்று வயது வாக்கில்தான் அது எலும்பாக மாறத் தொடங்குகிறது.

இந்த உறைக்கு ஒரு குறை உண்டு. அதில் ரத்தக் குழாய் கிடையாது. ஆகவே எலும்பு கூடுவது போல, தேய்ந்த குருத்தெலும்பு தானாகப் பழைய நிலைக்கு வருவதில்லை. 1743-லேயே லண்டனில் வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர் இதை எழுதி வைத்தார்.

ரத்தம் எட்டிப் பார்க்காத இடத்துக்குச் சாப்பாடு எப்படிப் போகிறது? மூட்டைச் சுற்றி ஒரு பை இருக்கிறது. அதற்குள் முட்டையின் வெள்ளைக் கரு போலக் கொழகொழவென்று கொஞ்சம் திரவம். ஒரு டீஸ்பூன்கூட இராது. பாத்திரம் துலக்கும் ஸ்பஞ்சை நினைத்துக் கொள்ளுங்கள். அழுத்தினால் தண்ணீரைக் கக்கும், விட்டால் உறிஞ்சும். நாம் காலை ஊன்றும்போது குருத்தெலும்பு பிழியப்படுகிறது; தூக்கும்போது சத்துள்ள திரவத்தை உறிஞ்சிக் கொள்கிறது. ஆக, நடைதான் அதற்குப் பரிமாறுகிற கை. நடை நின்றால் பந்தியும் நின்றது.

இன்னொரு நஷ்டமும் உண்டு. உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசைகள் பலம் இழக்கின்றன. அவை தாங்க வேண்டிய சுமை மூட்டின் மேல் விழுகிறது. வலி கூடுகிறது. வலி கூடவே, இன்னும் அதிகமாக உட்காரத் தோன்றுகிறது!

அது சரி, அந்த 'களுக்' சத்தம்? வலியோ வீக்கமோ இல்லாவிட்டால் அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க டாக்டரைச் சிறு வயதில் தாயாரும் அத்தை சித்திகளும், பிற்பாடு மாமியாரும், விரலில் சொடக்கு எடுத்தால் மூட்டு வாதம் வரும் என்று எச்சரித்தார்களாம். அவர் 50 வருஷம் இடது கையில் மட்டும் தினம் இரண்டு தடவையாவது சொடக்கு எடுத்துப் பார்த்தார். இரண்டு கையிலும் வாதம் இல்லை என்று 1998-ல் எழுதினார். ஒரே ஒருவருடைய சோதனைதான். ஆனாலும் குழந்தைக்குத் திருஷ்டி கழித்து நெட்டி முறிக்கும் பாட்டிமார் நிம்மதியாக இருக்கலாம்!

சரி, என்ன செய்யலாம்? நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, மெள்ள இறக்கட்டும். இரண்டு கால்களுக்கும் பத்துப் பத்துத் தடவை. பிறகு சமதரையில் சற்று நடை. தேய்ந்தது இதனால் முளைத்துவிடாது; ஆனால் வலி குறையும், நடமாட்டம் நிலைக்கும். ஆரம்பத்தில் கொஞ்சம் வலிக்கலாம். மறுநாளும் வலி கூடுதலாகவே இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். மூட்டு வீங்கினாலோ, சிவந்து சுட்டாலோ, மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ டாக்டரிடம் காட்டுவதில் தாமதம் கூடாது.

இதெல்லாம் பாட்டிக்குத்தானே என்று இருந்து விடாதீர்கள். முழங்கால் தேய்மானம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். பருத்த உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ நாலு கிலோ குறைகிறதாம்.

இன்று மாலை வெயில் தாழ்ந்ததும் பேத்தியின் விரலைப் பாட்டியின் கையில் பிடித்துக் கொடுங்கள். தெருக்கோடிப் பிள்ளையார் கோவில் வரை இரண்டு பேரும் போய்வரட்டும். நாற்காலி எங்கே போய்விடப் போகிறது? திரும்பி வந்து உட்கார்ந்து கொள்ளட்டுமே!