பழைய கம்பியை அறுக்கும் முன்

வீட்டில் ஒருவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தால் மற்றவர் இணையத்தைப் பயன்படுத்த முடியாது என்று சொன்னால் நம்புவீர்களா? நான் கல்லூரியில் படித்த நாட்களில் நிலைமை அதுதான். கணிப்பொறியுடன் மோடம் என்னும் சிறு பெட்டியை இணைத்து, அதில் தொலைபேசிக் கம்பியைச் செருகி, ஓர் எண்ணை அழைக்க வேண்டும். கீச்சென்றும் கரகரவென்றும் ஓசை எழும். எந்த வேகத்தில் பேசிக்கொள்வது என்று இரு மோடங்களும் தமக்குள் உடன்பாடு செய்துகொள்ளும் ஓசை அது. இந்த முறைக்கு டயல்-அப் என்று பெயர். 1995 ஆகஸ்டு 15 அன்று இந்தியப் பொதுமக்களை இணையம் வந்தடைந்ததும் இவ்வழியாகத்தான்.

அமெரிக்காவில் ஏ.ஓ.எல். நிறுவனம் 34 ஆண்டுகளாக நடத்திவந்த டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30 அன்று நிறுத்திவிட்டது. "இன்னுமா அதைப் பயன்படுத்தினார்கள்?" என்று என் மாணவர் ஒருவர் வியந்தார். ஆம். 2023ஆம் ஆண்டின் அரசு மதிப்பீட்டின்படி, அந்நாட்டில் சுமார் 1,63,000 வீடுகள் டயல்-அப் ஒன்றையே நம்பியிருந்தன. அவர்கள் எல்லோரும் இந்த ஒரே நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் அல்லர். ஆயினும் கேள்வி எல்லோருக்கும் பொதுவானது. இவர்களைப் பிராட்பேண்டுக்கு மாறும்படி கட்டாயப்படுத்துவது நியாயமா?

முதலில் டயல்-அப் ஏன் மெதுவானது என்று பார்ப்போம். தொலைபேசி மனிதக் குரலுக்காக அமைந்தது. ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்களை மட்டுமே அது அனுமதிக்கிறது. தொலைபேசி நிலையம் அக்குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளாக எழுதுகிறது. பெருக்கிப் பாருங்கள், நொடிக்கு 64,000 பிட்டுகள். அந்த வாயிலுக்குள் இதற்கு மேல் நுழைய இடமில்லை. மிகச் சிறந்த மோடம்கூட 56,000 பிட்டுகளோடு நின்றுவிட்டது இதனால்தான்.

இனி ஒரு சிறு கணக்கு. இன்று 20 லட்சம் பைட்டு எடையுள்ள இணையப் பக்கம் சர்வசாதாரணம். 56,000 பிட்டு வேகத்தில் அது வந்து சேர ஏறத்தாழ 5 நிமிடம் ஆகும். ஆனால் நீங்கள் படிக்கும் இக்கட்டுரையின் எழுத்துகள் மட்டுமானால் 2 அல்லது 3 நொடிகளில் வந்துவிடும்! செய்திக்கு எடை குறைவு. அதைச் சுற்றியுள்ள படங்களுக்கும் விளம்பரங்களுக்கும்தான் எடை அதிகம். சட்டம் எதுவும் போடாமலே டயல்-அப் வீடுகளை இந்தச் சுமை வெளியே தள்ளிவிட்டது. இதைக் கட்டாயம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

"அப்படியானால் மாறிக்கொள்ள வேண்டியதுதானே?" என்பீர்கள். அதே செம்புக் கம்பியில் குரலுக்கு மேலுள்ள அதிர்வெண்களை, ஏறத்தாழ 11 லட்சம் ஹெர்ட்ஸ் வரை, பயன்படுத்தும் பிராட்பேண்டு முறை உண்டு. ஆனால் அதிர்வெண் கூடக் கூட, கம்பியில் சைகை விரைவாகத் தேய்கிறது. நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டர் தாண்டிய பண்ணை வீட்டுக்கு அது பெரும்பாலும் எட்டாது. கண்ணாடி இழையோ செயற்கைக்கோளோ வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். ஏழைக் குடும்பங்களின் இணையக் கட்டணத்துக்கு மாதம் 30 டாலர் வரை உதவிவந்த அமெரிக்க அரசின் திட்டமும், நிதி தீர்ந்து 2024 ஜூன் முதல் நாளன்று முடிவுக்கு வந்தது.

பழைய சாதனங்களை என்றென்றும் காப்பாற்ற வேண்டும் என்று நான் வாதிடவில்லை. தேய்ந்த கருவிகளைப் பழுதுபார்க்க உதிரிப் பாகமும் ஆளும் கிடைப்பது அரிதாகி வருகிறது. மாற்றம் வேண்டியதே. ஆனால் எது முதலில், எது பிறகு என்பதில்தான் நியாயம் இருக்கிறது. பிரிட்டனில் பழைய தொலைபேசி வலையமைப்பை 2025 டிசம்பரில் மூடுவதாக இருந்தார்கள். ஆபத்து வேளையில் உதவி கேட்க முதியோர் வைத்திருக்கும் கருவிகள் அந்தக் கம்பியை நம்பியிருந்தன. அவை செயலற்றுவிடும் என்ற கவலை எழவே, நாள் 2027 ஜனவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. சரியான செயல்!

புதிய பாலத்தில் கடைசி ஆள் கடந்த பிறகே பழைய பாலத்தை இடிக்க வேண்டும். அரசு அலுவலகம், மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றின் இணையப் பக்கங்களாவது மெதுவான இணைப்பிலும் திறக்கும்படி எளிமையாக இருக்க வேண்டும். நாளை உங்களில் சிலர் பொறியாளர் ஆகி இணையப் பக்கங்களை உருவாக்குவீர்கள். அப்போது உங்கள் பக்கத்தின் எடையை ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். அதைச் சுமக்கப் போவது யாருடைய கம்பி என்றும் எண்ணிப் பாருங்கள்.