சிலிண்டரின் கழுத்தில் எழுதியிருப்பது



கோடை முகாமுக்கென்று அங்கிள் ஒருவர் எங்களுக்குத் தந்த பழைய ட்ரெய்லரை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1970களில் செய்தது. உள்ளே நான்கு பேர் படுக்கலாம். முன்பக்கம், வாகனத்தில் கொளுவும் இடத்துக்கு மேல், இரண்டு புரொப்பேன் சிலிண்டர்கள். அடுப்பு, குளிர்பெட்டி, ஹீட்டர் மூன்றுக்கும் காஸ் அங்கிருந்துதான் போகிறது.

வசந்தத்தில் நாங்கள் அதைக் கழுவித் துடைத்தோம். சிலிண்டர்கள் துருப்பிடித்து அசிங்கமாக இருந்தன. எங்களில் ஒருவர் வெள்ளைப் பெயின்ற் வாங்கி வந்து, மேலிருந்து கீழ்வரை அடித்துவிட்டார். புதிதுபோல மின்னியது. எல்லோரும் கைதட்டினோம்.

முகாமுக்கு ஆறு நாள் இருக்கும்போது காஸ் நிரப்பப் போனோம். நிரப்புகிறவர் சிலிண்டரைத் தூக்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “திகதி எங்கே?” என்று கேட்டார். எங்களுக்கு விளங்கவில்லை. “திகதி தெரியாமல் நிரப்ப மாட்டேன்” என்று திருப்பித் தந்துவிட்டார். எங்களுக்குக் கோபம் வந்தது. “வேற இடத்துக்குப் போவம், எல்லாரும் இப்படிப் பாக்கமாட்டினம்” என்று ஒருவர் சொன்னார். உண்மையைச் சொன்னால், வாகனத்தைத் திருப்பிப் பாதி வழி போயும்விட்டோம்.

பிறகு வீட்டுக்கு வந்து, கழுத்து வளையத்தில் பெயின்றைச் சுரண்டினோம். 05 09 என்று இருந்தது. 2009 மே மாதம் செய்தது. அதற்குப் பிறகு மறுபரிசோதனை முத்திரை எதுவும் இல்லை. கனடாவில் இப்படியான சிலிண்டரைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை பரிசோதித்து மறுமுத்திரை குத்த வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். காலம் கடந்ததை நிரப்பக்கூடாது. அந்த மனிதர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார். சிலிண்டரைக் கவிழ்த்து அடிவளையத்தையும் சுரண்டினோம். பெயின்றுக்குக் கீழே துரு இரும்பைத் தின்று குழி குழியாக்கியிருந்தது. துருவை நாங்கள் திருத்தவில்லை, மூடி மறைத்திருந்தோம்.

கழுத்து வளையத்தில் வேறு விபரங்களும் உண்டு. TW என்பதற்குப் பக்கத்தில் இருப்பது வெறும் சிலிண்டரின் நிறை. றாத்தலா கிலோவா என்று அலகையும் பாருங்கள். TW 17 றாத்தல் என்று இருந்து, தராசில் 25 காட்டினால், உள்ளே 8 றாத்தல் காஸ் இருக்கிறது. தட்டிப் பார்த்து ஊகிக்கத் தேவையில்லை. நிரப்பும்போதும் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்புவதில்லை. வெயிலில் திரவம் விரியும், அதற்கு இடம் வேண்டும்.

சிலிண்டர் காலாவதி என்பதை அங்கிளிடம் சொல்ல எங்களுக்குத் தயக்கமாக இருந்தது. ஆசையாகத் தந்த பொருள். தொலைபேசியில் சொன்னபோது, “நான் எத்தனை வருசம் பாவிச்சனான், ஒண்டும் நடக்கேல்லையே” என்றார். அவர் மனம் நோகாதபடி, “பிள்ளைகளின் பெற்றோரிடம் நாங்கள்தானே பதில் சொல்ல வேண்டும், அங்கிள்” என்று மட்டும் சொன்னோம். சனிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

புதிதாக இரண்டு சிலிண்டர்கள் வாங்கினோம். ஆனால் குழாய்கள் பழையவைதானே. ஒன்ராறியோவில் காஸ் குழாய் வேலையைச் சான்றிதழ் பெற்ற தொழில்நுட்பர்தான் செய்யலாம். ஒருவரைக் கூப்பிட்டோம். அங்கிளும் வந்து பக்கத்தில் நின்றார். தொழில்நுட்பர் முதலில் வெளியே பார்த்தார். சிலிண்டரிலிருந்து போகும் ரப்பர் குழாயை வளைத்துக் காட்டினார். மயிரிழை வெடிப்புகள். ரெகுலேற்றரின் மூச்சுத்துளை கீழ்நோக்கி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைநீரும் பனியும் உள்ளே போகும் என்றார். எங்களுடையது பக்கவாட்டில் திரும்பியிருந்தது. இரண்டையும் மாற்றினார்.

பிறகு எல்லா அடுப்புகளையும் மூடிவிட்டு, குழாயில் அழுத்தமானியைப் பொருத்தினார். முள் அசையாமல் நிற்க வேண்டும். எங்கள் கண்முன்னே அது மெதுவாக இறங்கியது. சவர்க்கார நீரோடு ஒவ்வொரு பொருத்தாகத் தேடிப் போனார். கீழ்ப்படுக்கையின் பலகையைத் தூக்கி, செப்புக்குழாய்ப் பொருத்து ஒன்றில் தூரிகையை வைத்தார். சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. ஒருவரும் பேசவில்லை. அங்கிள் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, “என்ர பிள்ளையள் இதிலதான் படுத்தவை” என்றார். அவ்வளவுதான்.

புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பாரமானது. கசிந்தால் மேலே பறந்து போகாது, தரையில் தண்ணீர்போலத் தேங்கும். காற்றில் இரண்டு சதவீதத்தைச் சற்றுத் தாண்டினாலே தீப்பொறி ஒன்று போதும். ட்ரெய்லரில் தரைக்குப் பக்கத்தில் படுக்கிறவர்கள் சிறுபிள்ளைகள். மணம் வருமே என்று நம்பவும் கூடாது. காஸில் சேர்க்கிற மணப்பொருள் துருப்பிடித்த சிலிண்டருக்குள் மெல்ல மெல்லக் குறைந்துபோகலாம். நித்திரையில் மூக்கும் வேலை செய்யாது. ஆகவே காஸ் எச்சரிக்கைக் கருவியைத் தரைக்குக் கிட்டப் பொருத்த வேண்டும். காபன் மொனொக்சைட் கருவியும் வேண்டும். இரண்டுக்கும் ஆயுட்காலம் உண்டு. பின்பக்கத்தில் திகதி இருக்கும், அதையும் படியுங்கள்.

உங்கள் வீட்டு பார்பிக்யூவுக்கும் இதே சிலிண்டர்தான். அதனால் எல்லோரும் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறோம்.

கழுத்து வளையத்தில் திகதியைப் பாருங்கள். அதன்மேல் பெயின்ற் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குக் கடும் நிறமும் வேண்டாம், அது வெயிலை உறிஞ்சும்.

பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைத் தண்ணீரில் கலந்து, அடுப்புகளை மூடி, வால்வை மெதுவாகத் திறந்து, பொருத்துகளில் பூசுங்கள். அமோனியா கலந்த திரவம் கூடாது, அது பித்தளையை வெடிக்கச் செய்யும். குமிழி வளர்ந்தால் வால்வை மூடிவிட்டுத் தொழில்நுட்பரைக் கூப்பிடுங்கள். நெருப்புக்குச்சியால் சோதிக்கவே கூடாது.

சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தி வையுங்கள். வாகனம் ஓடும்போது வால்வை மூடுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

குளிர் என்று சமையல் அடுப்பை எரியவிட்டு ட்ரெய்லரைச் சூடாக்க வேண்டாம்.

மணம் வந்தால் எந்த சுவிச்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம். எல்லோரையும் வெளியே கூட்டிப் போங்கள். முடிந்தால் வெளியே வால்வை மூடுங்கள். தூரத்தில் நின்று 911ஐ அழையுங்கள்.

பழைய சிலிண்டரைக் குப்பையில் போடாதீர்கள். நகராட்சியின் ஆபத்தான கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். எங்களுடையவையும் அங்கேதான் போயின.

முகாம் நல்லபடி நடந்தது. முதல் இரவு பிள்ளைகள் படுத்த பிறகு, அங்கிள் ரோர்ச் லைற்றோடு வந்து, இரண்டு வால்வையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த நாளும் வந்தார்.

இந்த வாரம் உங்கள் வீட்டு பார்பிக்யூ மூடியைத் திறக்கும்போது சிலிண்டரின் கழுத்தை ஒருமுறை பாருங்கள். அம்மா அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். உங்களுடையதில் எந்த வருடம் இருந்தது என்று அடுத்த கூட்டத்தில் எங்களுக்குச் சொல்லுங்கள்.