சின்னஞ்சிறு போர்வீரருக்கு வண்ணம் தீட்டுதல்

சென்ற விடுமுறையின்போது புதுக்குடியிருப்புக்கு அண்மையிலுள்ள ஒரு வீட்டுக்கு நாம் போயிருந்தோம். அவ்வீட்டுச் சிறுவன் எட்டாம் வகுப்பிலே கற்பவன். கனடாவிலிருந்து மாமன் அனுப்பிய பெட்டியொன்றை அவன் எம் முன்னே கொண்டுவந்து திறந்தான். சாம்பல் நிறப் பிளாஸ்ரிக் சட்டங்களிலே, கையும் காலும் தொப்பியும் துப்பாக்கியுமாகத் துண்டு துண்டாய் ஒரு சிறு படையே அப்பெட்டியுள் அடங்கியிருந்தது. ஒட்டி முடித்தால் ஒரு வீரனின் உயரம் ஏறத்தாழ 28 மில்லிமீற்றர். நமது பெருவிரலின் மேற்கணு அளவுதான். "இவைக்கு எப்படி வர்ணம் பூசுறது?" என்று அவன் கேட்டான். நாம் விடை கூறுமுன் திண்ணையில் இருந்த அவனுடைய அம்மம்மா, "இந்த வீட்டுக்குள்ளை இனி ஆமி வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

2009 ஆம் ஆண்டிலே நந்திக்கடல் ஓரத்தில் தம் இளைய மகனை இழந்தவர் அவர். ஆதலின் சிறுவனுக்கு மட்டும் விடை கூறிவிட்டு எழுந்து வருதல் எமக்கு முறையாகத் தோன்றவில்லை. இவ்வாரம் இருவரையும் மனத்திற் கொண்டே எழுதுகிறோம்.

போரைப் பலகையிலே ஆடிப் பார்ப்பது நமக்குப் புதியதன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையையும் கட்டங்களிலே நிறுத்திய சதுரங்கம் பாரத நாட்டிலே பிறந்து உலகெங்கும் பரவியது. 1824 ஆம் ஆண்டிலே பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரி றைஸ்விற்ஸ் என்பவர் தேசப்படத்தின்மேல் ஆடும் போர் விளையாட்டொன்றை வெளியிட்டார். அதிகாரிகளின் பயிற்சிக்கு அது பயன்பட்டது. 1893 இல் இங்கிலாந்தின் பிரிற்றன்ஸ் நிறுவனம் உள்ளே வெறுமையாக வார்த்த ஈய வீரர்களை மலிவாக விற்கத் தொடங்கவே, அவ்விளையாட்டு வீடுகளுக்குள்ளும் புகுந்தது. எச். ஜி. வெல்ஸ் என்னும் புகழ்பெற்ற எழுத்தாளர் 1913 இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். சிறுபோரை ஆடிப் பார்ப்பவன் பெரும்போர் எத்துணை மடைமையானது என்பதை உணர்வான் என்பது அவர் கருத்து. அடுத்த ஆண்டே முதலாம் உலகப் போர் மூண்டது. பொம்மைகளால் போரைத் தடுத்துவிடலாம் என்று நாமும் சொல்லமாட்டோம்.

சிறுவனின் பெட்டியில் இருந்தோர் நெப்போலியன் காலத்து ஆங்கிலக் காலாட் படையினர். உயர்ந்த கறுப்புத் தொப்பி, செந்நிறச் சட்டை, மார்பிலே குறுக்காக ஓடும் வெள்ளை வார்கள். இதைக் கண்டதும், "தம்பி, இவர்களை முல்லைத்தீவிலேயே நிறுத்தலாமே" என்றோம். அக்காலத்து ஆங்கிலப் படைதான் 1803 இலே வன்னியில் நின்றது. அவ்வாண்டு யூன் மாதத்திலே கண்டியிலிருந்த ஆங்கிலப் படை அழிந்தது. இரண்டு திங்கள் கழிந்தபின், ஓகஸ்ட் 25 ஆம் நாள், பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்கிக் கப்டன் வொன் டிறிபேர்க்கின் காவற்படையை வெளியேற்றினான். ஒக்டோபர் 31 ஆம் நாள் அதே டிறிபேர்க் ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவிலே அவனைத் தோற்கடித்தான். வென்றவர்கள் தம் வெற்றியைக் குறித்துப் பின்னாளிலே அங்கே ஒரு கல் நாட்டினர். ஆனால் வவுனியா நகரிலே இன்று சிலையாக நிற்பவன் தோற்றவனே.

இனிச் செய்முறைக்கு வருவோம்.

முதலாவது, துண்டுகளைச் சட்டத்திலிருந்து பிய்த்தெடுத்தல் ஆகாது. பிய்த்தால் கை முறியும். நல்ல நகவெட்டி ஒன்றினால் நறுக்கி எடுங்கள். அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்திலே மெல்லிய கோடொன்று ஓடும். அதைக் கத்தியின் முனையாற் சுரண்டி, அரத்தாளினால் தேய்த்துவிட வேண்டும். கத்தி வேலையைப் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே செய்க. பின்னர் சவர்க்காரம் கலந்த இளஞ்சூட்டு நீரிலே கழுவி உலர்த்துங்கள். அச்சிலிருந்து ஒட்டிவந்த வழுவழுப்பு நீங்காவிடின் வண்ணம் பிடிக்காது.

இரண்டாவது, ஒட்டி முடித்த வீரனைச் சோடாப் போத்தல் மூடியொன்றின்மேற் சிறிது பசையால் நிறுத்திக்கொள்க. வேலை முடியும்வரை மூடியைத்தான் பிடிக்க வேண்டும்; கைபட்ட இடத்திலே வண்ணம் உரியும்.

மூன்றாவது, அடிப்பூச்சு. விசிறும் தகரப் பேணியிலே இது கிடைக்கும். பேணியை நன்கு குலுக்கி, ஓர் அடி தூரத்திலே பிடித்து, ஒரே இடத்தில் நில்லாமல் மெல்லிதாக வீசிச் செல்லுங்கள். வீட்டுக்கு வெளியே, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு செய்தல் வேண்டும். நம் பிரதேசத்திலே காலமும் பார்க்க வேண்டும். மாரியிலே காற்று ஈரமாயிருப்பதனால் பூச்சு வெண்பொடி பூத்ததுபோல் ஆகிவிடும். சோளகம் வீசும் மாதங்களிலே தூசி வந்து ஒட்டும். மழையற்ற நாளின் காலை வேளை, காற்றெழுமுன், உகந்தது.

நான்காவது, வண்ணம். நீரிற் கரையும் அக்கிரிலிக் வண்ணங்களே புதியவர்களுக்கு ஏற்றவை. கறுப்பு, வெள்ளை, சிவப்பு, நீலம், மஞ்சள், மண்ணிறம் ஆகிய ஆறும், துப்பாக்கிக் குழலுக்கு வெள்ளி நிறம் ஒன்றும் இருந்தால் தொடங்கிவிடலாம். போத்தலிலிருந்து நேரே பூசுவதே எல்லாரும் செய்யும் பிழை. பாலின் பதத்துக்கு நீர் விட்டுக் கலக்குங்கள். தடித்த ஒரு பூச்சு முகத்தின் மூக்கையும் உதட்டையும் மூடிவிடும். மெல்லிய இரண்டு பூச்சுக்கள் மூடமாட்டா. முதற்பூச்சு நன்றாகக் காய்ந்தபின்பே அடுத்தது.

நமது வெயிலிலே தட்டில் ஊற்றிய வண்ணம் சில நிமிடங்களிற் காய்ந்துவிடும். அதற்கு எளிய வழி உண்டு. பழைய சாப்பாட்டுப் பெட்டியொன்றின் அடியிலே நனைத்த துணியை விரித்து, அதன்மேல் கேக் சுடும்போது தட்டிலே இடும் எண்ணெய்க் கடுதாசியை இட்டு, அக்கடுதாசியின்மேல் வண்ணத்தைக் கலவுங்கள். கீழிருந்து ஈரம் ஊறிக்கொண்டிருக்கும். மூடியை இட்டு வைத்தால் மறுநாளும் பயன்படும்.

தூரிகை நுனி கூராக உள்ளதாய் இருத்தல் வேண்டும். மிகச் சிறியதையே தேடி வாங்காதீர்கள். அதிலே வண்ணம் நில்லாது. நடுத்தர அளவும் நல்ல கூரும் போதும். தூரிகையை நீர்க்குவளையிலே தலைகீழாக நிறுத்தி விடுவதும், நுனியை வாயிலே வைத்துக் கூராக்குவதும் கெட்ட பழக்கங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கழுவி, விரலாற் கூராக்கிப் படுக்க வைத்துவிடுங்கள்.

ஐந்தாவது, ஒழுங்கு. உடம்பு, உடை, வார், படைக்கலம் என உள்ளிருந்து வெளியே வாருங்கள். அப்போது முன்னே நேர்ந்த சிறு பிழைகளைப் பின்னே பூசுவது மறைத்துவிடும். கண்ணை எழுத முயன்று முகத்தைக் கெடுத்துக்கொள்ளாதவர் இலர். இத்துணைச் சிறு முகத்திலே புருவத்தின்கீழ் நிழல் விழுந்தாலே கண் இருப்பதுபோலத் தோன்றும். கண்ணை விட்டுவிடுங்கள்.

நிழல் விழுத்துவது எப்படி? மண்ணிறத்தையும் கறுப்பையும் மிகுந்த நீரிலே கரைத்து வீரன்மீது தடவினால், மடிப்புக்களிலும் பள்ளங்களிலும் அது தானே போய்த் தங்கும். காய்ந்தபின், தேய்ந்த பழந்தூரிகை ஒன்றிலே வெளிறிய நிறத்தைத் தொட்டு, கடுதாசியிலே துடைத்து, ஏறக்குறைய ஒன்றுமில்லை என்னும்போது வீரன்மீது மெல்ல உரசுங்கள். மேடுகள் மட்டும் ஒளிபெறும். இவ்விரண்டு வித்தைகளையும் அறிந்தவன் பாதிக் கலைஞன்.

இனிப் பண்டாரவன்னியனின் ஆட்கள். அந்தப் பெட்டியிலே அவர்கள் இல்லை; நாமே ஆக்கிக்கொள்ளல் வேண்டும். சிறுவன் என்ன செய்தான் தெரியுமா? சில வீரரின் தொப்பியை வெட்டி நீக்கினான். இரு பாகங்களாக வந்து பிசைந்தபின் இறுகும் எப்பொக்சிக் களியால் குடுமி வைத்தான். மெல்லிய கடுதாசியை வெள்ளைப் பசையிலே நனைத்து இடுப்பிலே சுற்றினான். காய்ந்ததும் அது வேட்டி மடிப்பாக நின்றது. சட்டைப் பொத்தான்களைத் தேய்த்து வெறும் மார்பாக்கினான். வண்ணத்திலும் ஒரு சிக்கல் வந்தது. 'சதை நிறம்' என்று எழுதிய போத்தலிலே இருந்தது ஐரோப்பியரின் சதை நிறம். மண்ணிறத்தோடு சிறிது சிவப்பும் மஞ்சளும் சேர்த்தே நம்மவர் நிறத்தைப் பெற்றோம். அதை வெளிறச் செய்ய வெள்ளையைக் கலந்தால் சாம்பல் பூசியதுபோல் ஆகும். மஞ்சளையே கூட்ட வேண்டும். அவன் தன் முழங்கையைப் பக்கத்திலே வைத்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் திருப்தியடைந்தான்.

இறுதியாக, ஒளிராத வார்னிஷ் ஒரு பூச்சும், காலடிக்கு மண்ணும். காலடித் தட்டிலே வெள்ளைப் பசையைத் தடவி, சலித்த மணலைத் தூவி, மண்ணிறம் பூசினால் நிலம் ஆயிற்று.

இங்கே பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இதனைப் பெற்றோரும் படித்துக் காட்டுக. பிற நாடுகளிலே இக்கலை பயில்வோர், காலடிக்கு வேண்டிய கல்லையும் வேரையும் உலோகத் துண்டையும் காட்டுக்குள்ளே பொறுக்கி வருவர். நீங்கள் அவ்வாறு செய்தல் ஆகாது. இலங்கை 2017 ஆம் ஆண்டிலே கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. முகமாலை முதலிய இடங்களிலே பெண்களும் ஆண்களுமாக முழந்தாளில் இருந்து, அங்குலம் அங்குலமாக நிலத்தைத் துப்புரவு செய்து வந்திருக்கின்றனர். எனினும் வெடிக்காத பொருள்கள் பற்றைகளுள்ளும் மண்ணுள்ளும் இன்னும் கிடக்கக்கூடும். வீடு கட்டக் கொண்டுவந்த மணற்குவியலிலே ஒரு பிடி போதும். இனந்தெரியாத உலோகத்தையோ பிளாஸ்ரிக்கையோ கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவிப்பார்கள்.

இனி அம்மம்மாவிடம் வருவோம். இரண்டு வாரம் அவர் அந்த மேசைப் பக்கம் வரவில்லை. சிறுவன் ஒரு பலகையிலே முல்லைத்தீவுக் கரையை அமைக்கத் தொடங்கியபோது, பாக்கு இடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தவர், "கடல் கிழக்கிலை எல்லோ இருக்கு? நந்திக்கடல் மற்றப் பக்கம்" என்றார். அவன் கடலை மாற்றினான். மறுநாள் பனைகள் நெருக்கமாக நிற்கின்றன என்றார். அவன் இரண்டைப் பிடுங்கினான். மூன்றாம் நாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றபின் கேட்டார்: "சண்டையெண்டால் எல்லாரும் நிண்டுகொண்டே இருப்பினம்? விழுந்து கிடக்கிறவையையும் வை, ராசா."

இவ்விளையாட்டிலே வீழ்ந்த வீரனைப் பலகையிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் இடுவதே வழக்கம். ஆட்டம் தடையின்றி நடக்க அது வசதியானது. அம்மம்மா அறிந்த போரிலே விழுந்தவர்களை எடுத்து வைக்க யாரும் வரவில்லை. அவர் கேட்டது நியாயம் என்றே நமக்குத் தோன்றியது. குழந்தை கையிலே போர்வீரனைக் கொடுக்கலாமா என்று கேட்கும் தாய்மாருக்கு நாம் சொல்லத்தக்கதும் அதுவே. கொடுக்க விரும்பாத வீட்டிலே வற்புறுத்த வேண்டாம். மாடு, வண்டி, மீனவர், தோணி என வண்ணம் தீட்டத்தக்கவை எத்தனையோ உள. கொடுப்பதாயின், போரின் பாதியை மட்டும் காட்டாதீர்கள்.

சிறுவன் இரண்டு வீரரைக் கணுக்காலிலே நறுக்கினான். வெந்நீரிலே சற்று இட்டு இளக்கி, முழங்காலை மடித்து, மணலிலே கிடத்தினான். ஒருவனுக்குச் செந்நிறச் சட்டை, ஒருவனுக்கு வேட்டி. இருவருக்கும் மற்றவர்களுக்குச் செய்ததைப் போலவே இரண்டு மெல்லிய பூச்சு, நிழல், உரசல் யாவும் செய்தான். பாடசாலைக் கண்காட்சி முடிந்து பலகை திரும்பி வந்தபோது அதை எங்கே வைப்பது என்று அவன் தயங்கினான். அம்மம்மா அலுமாரியின் மேற்றட்டிலிருந்த தேநீர்க் கிண்ணங்களை ஒதுக்கி இடம் செய்துகொடுத்தார்.

அவன் முதன்முதலிலே தீட்டிய வீரனும் அங்கேதான் இருக்கிறான். மூக்கு மறைந்து, சிவப்பு வழிந்து, பார்க்கச் சகிக்காத தோற்றம். நண்பர்களே, உங்களுடைய முதற்பொம்மையும் அவ்வாறே அமையும். எறிந்துவிடாதீர்கள். பத்தாவதைத் தீட்டியபின் இரண்டையும் பக்கத்திலே வைத்துப் பாருங்கள். கை எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்பதைக் காட்ட அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.